கால் கட்டைவிரல்

ஜூன் 9, திங்கள்

டாக்டர் பெனினாள் எழுதச் சொல்லியிருக்கிறாள். நோயாளியைப் பற்றி அல்ல, என்னைப் பற்றி. "கூட இருக்கவங்க தினம் நாலு வரி எழுதுங்கம்மா. தூக்கம் எப்படி, எங்க வலிக்கு, மனசு எப்படி இருக்கு, அவ்வளவுதான். நான் வாங்கிப் பார்க்க மாட்டேன்" என்றாள். என் மகளைவிடச் சின்னவள் என்பதால் இங்கே 'அவள்' என்று எழுதுகிறேன். நேரில் டாக்டரம்மாதான்.

வாங்கிப் பார்க்காவிட்டால் எதற்கு எழுத வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பால்வாடி டீச்சராக இருந்து, யாரும் படிக்காத ரிஜிஸ்டர் எழுதியே கை தேய்ந்தவள். எனக்கு இது புதிதா என்ன.

பெயர் மரகதம். வயது ஐம்பத்தொன்பது. ஊர் பாளையங்கோட்டை. வீட்டுக்காரர் பிரமநாயகம், கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். மாசி மாதம் ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே வாசல்படியில் சரிந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. பேச்சே போய்விட்டது. ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வரும்போது ஒரே ஒரு சொல்தான் மிச்சம் இருந்தது: "ரைட்."

காப்பி வேணுமா? ரைட். வலிக்கா? ரைட். எரிச்சலில் ஒருநாள், "நான் எங்கயாவது போய்த் தொலையட்டுமா?" என்று கேட்டேன். அதற்கும் ரைட்.

முன்பு வீட்டிலும் கண்டக்டர்தான். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தால் "ரைட், போலாம்" என்று முதுகில் தட்டுவார். சாப்பிடும்போது சோறு போதும் என்றால் தட்டுக்கு மேல் கையை விரித்து "ஹோல்டான்" என்பார், பஸ்ஸை நிறுத்துகிற அதே ராகத்தில். இப்போது ஹோல்டான் கிடையாது. போதும் என்று சொல்லத் தெரியாததால் நானே உத்தேசமாக நிறுத்துகிறேன். வருஷக்கணக்காகச் சொல்லிப் பழகிய சொல் தானாக வாயில் வருமாம், அதைப் பேச்சுக் கணக்கில் சேர்க்க முடியாதாம். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ரூபன் தம்பி சொன்னான்.

அவன்தான் இந்த யோகா சிகிச்சை மையத்துக்கும் வழி சொன்னவன். திங்கள், புதன், வெள்ளி வர வேண்டும். அவனும் வாரம் ஒருமுறை இங்கே வந்து பயிற்சி கொடுப்பான். முதல் நாளே டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டாள்: "பிரஷர் மாத்திரை, ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரை எதையும் நிறுத்தக் கூடாது. இது மாத்திரைக்குப் பதில் இல்ல. மாத்திரையோட சேர்த்து."

தூக்கம்: இல்லை. வலி: இடுப்பு. மனசு: நாளைக்கு மாவு அரைக்க வேண்டும்.

ஜூன் 11, புதன்

மாடியில், லிப்டில் ஏறிப் போனால் நீளமான ஹால். சுவரோரம் தாழ்வான கட்டில்கள். முதலில் நாற்காலியில் உட்கார்ந்தபடி கையைத் தூக்குவது. வராத கையை வருகிற கையால் பிடித்துத் தூக்கச் சொல்கிறாள். பிறகு மூச்சு. பிறகு காதைப் பொத்திக்கொண்டு வண்டு மாதிரி "ம்ம்ம்" என்று முனக வேண்டும். கடைசியில் சவாசனம். பெயரைக் கேட்டதும் எனக்குப் பகீர் என்றது. செத்த பிணம் மாதிரிக் கிடப்பதற்கு இத்தனை மாடி ஏறி வர வேண்டுமா?

நோயாளிகளைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, எங்களுக்குக் கட்டிலோரமாகத் தரையில் பாய் விரித்தாள்.

"எனக்கு எதுக்கு டாக்டரம்மா? எனக்கு ஒரு நோயும் இல்லையே."

"ஐயாவத் தூக்கி உக்கார வைக்கிற இடுப்பு யாரோடதும்மா?"

படுத்தேன். காலில் ஆரம்பித்து ஒவ்வோர் இடமாகத் தளர்த்தச் சொன்னாள். பாதம் தளரட்டும், முட்டி தளரட்டும். வயிறு வரைக்கும் கேட்டேன். அதற்குமேல் தெரியாது. "இப்ப மெதுவா கால் கட்டைவிரல அசைங்க, அப்புறம் கண்ணத் திறங்க" என்று அவள் சொன்னபோதுதான் இந்த உலகத்துக்கு வந்தேன். வாயோரம் எச்சில் வழிந்திருந்தது. அடுத்த பாயில் இருந்த மைமூன், மாமியாரின் முட்டிவலிக்காகக் கூட வருகிறவள், "யக்கா, நல்லா ஒரு தூக்கம் போட்டிய" என்று சிரித்தாள்.

பால்வாடியில் மதியச் சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகளைத் தட்டித் தூங்கவைப்பது என் வேலை. இத்தனை வருஷத்தில் என்னை யாரும் படு, தூங்கு என்று சொல்லித் தூங்கவைத்ததில்லை. இன்றைக்குத்தான்.

ஜூன் 13, வெள்ளி

இடுப்பு பரவாயில்லை. கத்தரிக்காய் பூராவும் சொத்தை.

ஜூன் 20, வெள்ளி

எதிர்வீட்டுக்காரி, "என்ன டீச்சர், முகம் தெளிஞ்சிட்டு?" என்றாள். நோயாளி வைத்திருக்கிற வீட்டில் முகம் தெளியலாமா? அவள் போன பிறகு கண்ணாடியில் பார்த்தேன். தெளிந்துதான் இருக்கிறது. என்னவோ திருடிவிட்டு மாட்டிக்கொண்டவள் போல் இருந்தது.

வகுப்பு இல்லாத நாளில் வகுப்பு இருக்கக் கூடாதா என்று தோன்றுகிறது. இன்று சீக்கிரம் போய்ச் மூலைக் கட்டிலோரப் பாயைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் அவருக்குச் சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றி ஒன்று போட்டுவிட்டேன். மாடி ஏறி, ஹாலில் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன். இடது கையால் அதைத் தொட்டுக் காட்டி "ரைட்" என்றார். சட்டை இஸ்திரி மடிப்புக் கலையாமல் டியூட்டிக்குப் போன மனுஷன்.

ஜூன் 23, திங்கள்

இன்று அவருக்கு "ம்ம்ம்" வந்தது!

இதுவரை காற்றுதான் வரும். இன்று டாக்டர் அவர் இடது கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு முனகிக் காட்டினாள். பிறகு அதே கையை அவர் தொண்டைக்குக் கொண்டுபோனாள். ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி வந்தது. தேர் இழுக்கிற இடத்தில் கேட்கிற சத்தம் மாதிரி இருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "ம் வந்துட்டுன்னா ம-ல ஆரம்பிக்கிற வார்த்தை எல்லாம் வாசல்ல வந்து நிக்குன்னு அர்த்தம். இத விட்டுரக் கூடாது" என்றாள் டாக்டர்.

சாயங்காலம் கோமுவிடம் போனில் சொன்னேன். என் மகள் கோமதி. ஓசூரில் கம்பெனி வேலை, தினமும் வீடியோவில் அப்பாவைப் பார்த்துவிடுவாள். "அப்பா, ம்ம் சொல்லுங்கப்பா" என்று அவள் முனக, இவர் முனக, நடுவில் போனைப் பிடித்துக்கொண்டு நான்.

ஜூன் 27, வெள்ளி

நோய் அவருக்கு, குணமாவது எனக்கு. இது என்ன நியாயம்?

இடுப்பு வலி சுத்தமாக இல்லை. தூக்கம் வந்தால் இடி விழுந்தாலும் தெரிவதில்லை. இன்று விடியற்காலையில் அவர் கட்டில் சட்டத்தை இடது கையால் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். முன்பெல்லாம் அவர் திரும்பிப் படுத்தாலே விழித்துக்கொள்வேன். இன்று எழுந்தபோது பக்கத்து வீட்டு ரேடியோவே பாடத் தொடங்கியிருந்தது. "எவ்வளவு நேரமா தட்டுதிய?" என்று கேட்டேன். "ரைட்" என்றார்.

ஜூலை 4, வெள்ளி

வகுப்பில் சின்ன அசம்பாவிதம். சவாசனத்தில் அசந்து தூங்கிவிட்டேன். அவருக்கு அவசரம் வந்து வேட்டியிலேயே போய்விட்டது. கட்டில் விரிப்பும் நனைந்துவிட்டது. டாக்டர் வந்து பார்த்துத்தான் எல்லாரும் எழுந்தோம். "பரவால்லம்மா, நல்லா தூங்கிட்டீங்க, அவ்வளவுதானே" என்றாள். "ஆமா" என்றேன். விரிப்பை நானே அலசிக் காயப் போட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கூச்சமாக இருக்கும்.

வரும் வழியில் முருங்கைக்கீரை வாங்கினேன்.

ஜூலை 5, சனி

மனுஷி தூங்குவது குற்றமா?

ஜூலை 7, திங்கள்

இன்று "ம்ம்" வரவில்லை. வரவில்லை என்பதைவிட, அவர் செய்யவில்லை. டாக்டர் கையை எடுத்துத் தொண்டையில் வைத்தால் உருவிக்கொள்கிறார். உதட்டைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "ஐயாவுக்கு இன்னைக்கு என்ன கோவம்?" என்று டாக்டர் கேட்டதற்கு ரைட்கூடச் சொல்லவில்லை.

இத்தனை நடந்தும் குரல் மட்டும் கொஞ்சமும் மாறவில்லை. அதே கனம்.

ரைட் சொல்கிற குரலைச் சொல்கிறேன்.

ஜூலை 9, புதன்

சவாசனத்தின்போது சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் பாயில் உட்கார்ந்தே இருந்தேன். மைமூன், "படுங்கக்கா, நான் பாத்துக்கிடுதேன். போன வெள்ளிக்கெழம நான் விட்ட கொறட்டையில உங்களுக்கே ஒண்ணும் கேட்டிருக்காது, பாவம்" என்றாள். பிறகு அவளாகவே, "அவுக சத்தம் குடுத்தாகளாக்கா அன்னைக்கு?" என்றாள்.

"எனக்கு என்னத்தக் கேட்டுச்சி" என்றேன்.

இது பொய் இல்லை. கேள்விதான் கேட்டேன்.

ஜூலை 14, திங்கள்

ரூபன் வந்திருந்தான். கையில் படங்கள். வாழைப்பழம், நாய்க்குட்டி, பஸ். பஸ் படத்தைக் காட்டினால் மட்டும் "ரைட்". மற்றதற்கு வாயைத் திறக்கவில்லை.

"வீட்ல புதுசா ஏதாவது வார்த்தை வந்துச்சாம்மா? அரைகுறையா வந்தாலும் சொல்லுங்க. தும்மும்போது, கோவத்துல, தூக்கத்துல எப்ப வந்தாலும் சரி. ஒரு வார்த்தை வந்துட்டுன்னு தெரிஞ்சாப் போதும், அதப் பிடிச்சிக்கிட்டு நான் மேல போயிருவேன்."

"இல்ல தம்பி."

அவர் என்னைப் பார்த்தார். அன்றைக்குப் பிறகு இன்றுதான் நேராகப் பார்த்தார். நான் பையில் தண்ணீர்ப் பாட்டிலைத் தேடினேன். பாட்டில் என் மடியிலேயே இருந்தது.

ஜூலை 16, புதன்

எழுதிவிடுகிறேன். யாரும் வாங்கிப் பார்க்கப் போவதில்லை.

அன்றைக்கு நான் தூங்கவில்லை.

டாக்டர், புதிதாக வந்த ஒருவரைப் பார்க்க முன்னறைக்குப் போயிருந்தாள். ஸ்பீக்கரில் அவள் பதிவு செய்துவைத்த குரல் ஓடிக்கொண்டிருந்தது. நெற்றி தளரட்டும், புருவம் தளரட்டும். மைமூன் குறட்டை. அவள் மாமியாருக்கு ஏற்கெனவே காது மந்தம். மற்றவர்களும் அசந்து கிடந்தார்கள். அப்போதுதான் "மரகதம்" என்று கேட்டது.

ரைட் இல்லை, ம்ம் இல்லை. மரகதம். நாக்கு கொஞ்சம் குழறியது, ஆனால் முழுப் பெயர்.

கல்யாணமான நாளில் இருந்து அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "இந்தா" என்பார். வெளியாட்களிடம் "எங்க வீட்ல". ரேஷன் கடையில் குடும்பத் தலைவி பெயர் கேட்டால் வாயால் சொல்லாமல் கார்டை நீட்டுகிற ஆள். எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன், என் பெயராவது தெரியுமா உங்களுக்கு என்று.

முதலில் சந்தோஷம்தான் வந்தது. சத்தியமாகச் சந்தோஷம்தான். அது அடங்குவதற்குள் ஒரு கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் வராத பெயர், மூத்திரம் முட்டியதும் வந்துவிட்டதாக்கும் என்று. கூப்பிட்ட அவசரத்திலேயே எதற்கென்று எனக்குத் தெரிந்துவிட்டது. மூத்திரப் பாட்டில் கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. எழுந்து எடுத்துக் கொடுக்க வேண்டியது, அவ்வளவுதான். இன்னும் ஒரே ஒரு நிமிஷம் கிடந்துவிட்டு எழுந்திருப்போம் என்று கிடந்தேன். என் இரண்டு கையும் சும்மா இருந்தது. மாசி மாதத்துக்குப் பிறகு அப்படிச் சும்மா இருக்கிற இடம் அந்தப் பாய் ஒன்றுதான்.

இரண்டாவது தடவையும் கூப்பிட்டார். முன்னைவிட மெதுவாக.

நான் மூச்சைச் சீராக இழுத்து விட்டேன், தூங்குகிறவள் விடுகிற மாதிரி. பால்வாடிப் பிள்ளைகள் தூங்குவது போல் நடிக்கும்போது கண்ணை இறுக்கி மூடும். அதைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பேன். நான் இறுக்காமல் மூடிக்கொண்டேன். உடம்பில் ஒரு மயிர்கூட அசையாமல் பார்த்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் கூப்பிடவில்லை. கட்டிலில் இருந்து தரையில் சொட்டுகிற சத்தம் கேட்டது. அப்போதும் நான் எழுந்திருக்கவில்லை. இப்போது எழுந்தால், இதுவரை விழித்திருந்தது தெரிந்துவிடுமே.

அவர் பேசினார் என்பது இந்த உலகத்தில் எனக்கு மட்டும் தெரியும். சொன்னால் ரூபன் துள்ளிக் குதிப்பான். கோமு அழுவாள். ஆனால் சொல்ல வேண்டுமானால், கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஜூலை 21, திங்கள்

இடுப்பு வலி திரும்ப வந்துவிட்டது. வரட்டும். ஒரு வகையில் நிம்மதியாக இருக்கிறது.

வகுப்பில் நான் படுப்பதில்லை. பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்திருக்கிறேன். டாக்டர் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். "வேண்டாம் டாக்டரம்மா, தூக்கம் வரல" என்றேன்.

அவர் இன்னும் முனகுவதில்லை. வருகிற முப்பதாம் தேதி ரூபனும் டாக்டரும் உட்கார்ந்து பேசுவார்களாம். புது வார்த்தை எதுவும் இல்லை என்றால் பேச்சுப் பயிற்சியை நிறுத்திவிட்டு, படத்தைத் தொட்டுக் காட்டுகிற பழக்கத்துக்கு மாற்றிவிடுவார்கள். அவருடைய நேரத்தை இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டுமாம், காத்திருக்கிறவர்கள் நிறைய. "ஐயாவே ஒத்துழைக்க மாட்டேங்காவ, நான் என்னம்மா செய்ய?" என்றான் ரூபன். பாவம், அவன் மேல் என்ன தப்பு.

கூப்பிட்டால் வர மாட்டாள் என்று தெரிந்த பிறகு யார்தான் கூப்பிடுவார்கள்?

ஜூலை 24, வியாழன்

இன்று சவரம் செய்துவிடும்போது சொன்னேன். முகம் முழுக்க நுரை, கையில் ரேசர். இந்த நேரத்தில் அவரால் முகத்தைத் திருப்ப முடியாது. அதற்காகவே இந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

"அன்னைக்கு நான் முழிச்சுதான் கெடந்தேன்."

அவர் கண் என் மேல் நின்றது.

"நீங்க ரெண்டு தடவ கூப்ட்டதும் கேட்டுச்சி. வேணுன்னுதான் எந்திக்கல. என்னைய என்ன வேணா செய்யுங்க. ஆனா பேசாம மட்டும் இருக்காதிய. உங்களுக்குப் பேச வருது. நான் கேட்டேன்லா."

பிறகு நல்ல காலை, இடது காலை, ஸ்டூலுக்கு முன்னால் நீட்டினார். நீட்டி, கட்டைவிரலை மட்டும் மேலும் கீழுமாக ஒருமுறை அசைத்தார். எனக்குப் புரியவில்லை. கால் மரத்துப் போச்சா என்று கேட்டேன். இல்லையென்று தலையை ஆட்டினார். நுரை என் புடவையில் தெறித்தது. இடது கையை நீட்டி என் காலைக் காட்டினார். பிறகு மறுபடியும் தன் கட்டைவிரலை அசைத்தார்.

அப்போதுதான் விளங்கியது. அவர் கட்டிலில், நான் கீழே பாயில். என் பெயரைச் சொன்னதும் என் கால் கட்டைவிரல் அசைந்திருக்கிறது. அவர் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுத்தான் இரண்டாவது தடவை கூப்பிட்டிருக்கிறார்.

அப்படியானால் அந்த மனுஷன் நான் விழித்திருப்பது தெரிந்துதான் நனைந்துகொண்டு கிடந்தார். இத்தனை நாளும் தெரியும். நான் நடித்ததும் தெரியும்.

மீதித் தாடியை எப்படி வழித்தேன் என்று தெரியவில்லை. கன்னத்தில் ஒரு கீறல் விழுந்துவிட்டது. படிகாரம் வைத்தேன். "ரைட்" என்றார். என்ன ரைட் என்று யாருக்குத் தெரியும்.

ஜூலை 30, புதன்

இன்று சொல்லிவிட்டேன்.

டாக்டர் மேசையில் ரூபனும் நாங்களும். கோமு போன் திரையில். ரூபன் ரொம்ப மரியாதையாக, சுற்றி வளைத்துச் சொல்லிக்கொண்டு வந்தான். இத்தனை வாரமாகியும் ஒரு வார்த்தைகூட வராததால் என்று அவன் ஆரம்பித்ததும் என் வாய் தானாகத் திறந்துவிட்டது.

"அவிய பேசுனாவ."

"எப்பம்மா?"

"நாலாந்தேதி. இங்கதான். சவாசனத்துல."

"என்ன வார்த்தை?"

"எம் பேரு. ரெண்டு தடவ."

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அன்னைக்கு நீங்க தூங்கிட்டுல்லாம்மா இருந்தீங்க?"

"இல்ல. முழிச்சுதான் கெடந்தேன். எந்திக்க மனசில்லாமக் கெடந்தேன்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். எது வந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் ரூபன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டான். "மரகதமா? முழுசா? ம, ர, க, த, ம்... ஐயா!" என்று அவர் தோளைப் பிடித்துக் குலுக்கினான். பயிற்சியை நிறுத்தப் போவதில்லை, அடுத்த வகுப்பில் இருந்தே பாட்டு மாதிரி இழுத்துச் சொல்லிப் பழக்கலாம் என்றான். டாக்டர் என் முதுகில் கை வைத்து, "இது எல்லார் வீட்லயும் நடக்கும்மா. சொல்லத்தான் மாட்டாங்க" என்றாள். யாராவது ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். எனக்கு அது வேண்டியிருந்தது.

கோமு மட்டும் திரையில் அசையாமல் இருந்தாள். நெட் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன்.

"ரெண்டு தடவ கூப்ட்டாவளாம்மா?"

"ஆமா மக்ளே."

"சரி. வைக்கேன்."

ஆகஸ்ட் 2, சனி

மூன்று நாள் கழித்து இன்றுதான் கோமு கூப்பிட்டாள். அப்பாவிடம் பேசிவிட்டு என்னிடம் கொடுக்கச் சொன்னாள்.

"அப்பா எம் பேரச் சொன்னாவன்னா நான் ஓசூர்ல இருந்து ஓடி வந்திருப்பேன்மா."

"நீ தூரத்துல இருக்க, ஓடி வருவ. நான் பக்கத்துல கெடந்தேன்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் அழுதுவிட்டாள். பிறகு, அடுத்த மாதம் பத்து நாள் லீவு போட்டு வருவதாகவும், அந்தப் பத்து நாளும் நான் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வரக் கூடாது என்றும் சொன்னாள். அது கோபத்தில் சொன்னதா, பாசத்தில் சொன்னதா தெரியவில்லை. இந்தக் குடும்பத்தில் யார் சொல்வதும் எனக்கு விளங்குவதில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

"ம்ம்" வந்தது. தேய்ந்துதான் வந்தது, ஆனால் அவரே செய்தார். டாக்டர் கையைப் பிடிக்கவில்லை. ரூபன் என் பெயரை ராகம் போட்டு இழுக்கிறான். ஹாலில் எல்லாரும் அதைச் சேர்ந்து பாடுகிறார்கள், மைமூனின் மாமியார் உட்பட. வெட்கம் பிடுங்கித் தின்கிறது. அவர் வாயில் இன்னும் வரவில்லை.

வராவிட்டாலும் போகட்டும் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. வந்தபோது நான் என்ன செய்தேன்?

ஆகஸ்ட் 8, வெள்ளி

இன்று டாக்டர் என்னை விடவில்லை. பாட்டிலைக் கையில் இருந்து பிடுங்கிக்கொண்டாள். "ஐயாவ நான் பார்த்துக்கிடுதேன். எங்கயும் போகப் போறதில்ல. நீங்க படுங்க" என்று அவர் கட்டிலோரமாகவே பாயை விரித்தாள். படுத்தேன். கண்ணை மூடவில்லை. மேலே மின்விசிறி ஒரு பக்கமாக ஆடிக்கொண்டு சுற்றியது. பாதம் தளரட்டும் என்றாள். என் பாதம் எங்கே தளரப் போகிறது.

பாதி வகுப்பு போயிருக்கும். கட்டில் கிரீச்சிட்டது. அவர் தொண்டையைச் செருமினார். நான் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன? ஒண்ணுக்கு வருதா? இந்தா எடுக்கேன்..."

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். இடது கையை எனக்கு முன்னால் விரித்து நீட்டினார், முன்பு தட்டுக்கு மேல் நீட்டுவாரே, அதே மாதிரி. உதடு கோணியது. ஏதோ உருட்டினார், வரவில்லை. மறுபடியும் உருட்டினார்.

"ஹோல்டான்."

டாக்டர் பேச்சை நிறுத்திவிட்டாள். மைமூன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். இது ரூபனின் கணக்கில் சேருமா சேராதா என்று எனக்குத் தெரியாது. இதுவும் கண்டக்டர் சொல்தானே. சேராது என்றுகூடச் சொல்வான். சொல்லிவிட்டுப் போகட்டும்.

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். விரித்த கை அப்படியே இருந்தது, இறங்கவில்லை. மாசி மாதத்தில் இருந்து அந்தக் கையைக் கழுவி விட்டிருக்கிறேன், நகம் வெட்டி விட்டிருக்கிறேன். அது என்னைப் படு என்று சொன்னது இன்றைக்குத்தான்.

படுத்தேன். அவர் சுவர் பக்கம் திரும்பவில்லை, என் பக்கமாகத்தான் ஒருக்களித்துக் கிடந்தார். டாக்டர் விட்ட இடத்தில் இருந்து மெதுவாகத் தொடங்கினாள். கண்ணை மூடினேன். அழுகை காதுக்குள் வழிந்தது, துடைக்கவில்லை. நான் விழித்துத்தான் இருக்கிறேன் என்று அவருக்குத் தெரிய வேண்டும். கடைசி வரைக்கும் கால் கட்டைவிரலை மட்டும் அசைத்துக்கொண்டே கிடந்தேன்.